இல்லம் துலக்கும் நோன்பு



மாசித் திங்களை ஒட்டிக் கிறிஸ்தவ மக்கள் ஆண்டுதோறும் நீண்டதொரு நோன்பைத் தொடங்குகின்றனர். கத்தோலிக்கர் அதனைத் தவக்காலம் என்று வழங்குவர். முன்னாளில் தபசு காலம் என்பதே பெருவழக்கு. சீர்திருத்தச் சபையார் லெந்து நாட்கள் என்பர். 'லெந்து' என்பது பழைய ஆங்கிலத்தில் வசந்தத்தைக் குறித்த ஒரு சொல்லின் திரிபு. பனிக்காலம் கழிந்து பகற்பொழுது நீளும் பருவம் என்பது அதன் உட்பொருள். இலத்தீன் மொழியிலோ நாற்பது என்னும் எண்ணை வைத்தே இக்காலத்திற்குப் பெயரிட்டனர்.

சாம்பற் புதனன்று தொடங்கும் இந்நோன்பு, உயிர்ப்புப் பெருவிழாவிற்கு முந்திய நாள்வரை நீள்கின்றது. எண்ணிப் பார்த்தால் 46 நாட்கள் வரும். இடையே வரும் ஞாயிறுகள் ஆறும் மகிழ்ச்சிக்குரிய நாட்கள் ஆதலின் அவை கணக்கில் சேரா, எஞ்சுவன 40. இயேசு பெருமான் பாலைவெளியில் உண்ணாது தனித்திருந்த நாட்கள் 40. மோசே சீனாய் மலைமேல் தங்கிய நாட்களும் 40. இவற்றை நினைவிற்கொண்டே திருச்சபை இவ்வெண்ணை ஏற்றது. 325-ஆம் ஆண்டில் கூடிய நிசேயாப் பேரவையின் விதிகளிலேயே இந்த நாற்பது நாட்காலம் பெயர் சுட்டப்பெறுகின்றது.

இக்காலத்திற்கு உரிய கடமைகள் மூன்று என்று நற்செய்தி கூறும். இறைவேண்டல் ஒன்று, உண்ணாநோன்பு ஒன்று, ஈகை ஒன்று. இம்மூன்றையும் கிறிஸ்தவர் நன்கறிவர். புலால் உணவை விலக்குவோர் உண்டு. ஒருவேளை உணவை விடுப்போர் உண்டு. காவி உடுத்து வேளாங்கண்ணிக்கு நடந்தே செல்வோரும் உண்டு. நான் இன்று உங்களோடு பேச விரும்புவது, இம்மூன்று கடமைகளும் ஓரிடத்தில் வந்து கூடும் எளிய பயிற்சி ஒன்றைப் பற்றி. அது வீட்டையும் வாழ்வையும் துலக்குதல். தேவைக்கு மேல் சேர்ந்துவிட்ட பொருள்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இது இங்கே இருக்க வேண்டுமா என்று இறைவன் திருமுன் வினவுதல்.

இது புதுமை போலத் தோன்றலாம், ஆயின் பழமையே. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் இல்லங்களில் நீங்கள் ஒரு வழக்கத்தைக் கண்டிருப்பீர்கள். குருத்தோலை ஞாயிறன்று கோவிலில் பெற்ற தென்னங்குருத்தைச் சிலுவை வடிவாக முடைந்து, சுரூபத்தின் அருகிலோ வாயிற்கதவின் மேலோ செருகி வைப்பர். ஓராண்டு முழுவதும் அது அங்கேயே இருந்து காய்ந்து பழுக்கும். அடுத்த ஆண்டு சாம்பற் புதன் நெருங்கும்போது அவ்வோலைகளைக் கோவிலில் சேர்த்து எரித்துச் சாம்பலாக்குவர். அச்சாம்பலே மக்களின் நெற்றியில் பூசப்பெறுகின்றது. ஆகவே தவக்காலம் தொடங்கும்போதே வீட்டிலிருந்து ஒரு பொருள் வெளியேறி விடுகின்றது. அதுவும் எத்தகைய பொருள்? வெற்றி முழக்கத்தோடு கையில் ஏந்திய பொருள். புனிதம் என்று போற்றி வைத்த பொருள். அதையே கொடுத்துவிடலாம் என்றால், மற்றப் பொருள்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

யூதர்களின் பாஸ்கா விழாவை நோக்குங்கள். அவ்விழாவின் ஏழு நாட்களிலும் வீட்டில் புளித்த மா இருத்தலாகாது என்பது விடுதலைப் பயண நூலின் கட்டளை. அதனால் விழாவிற்கு முந்திய இரவில் விளக்கொளியில் மூலை முடுக்கெல்லாம் தேடி, புளித்த அப்பத்தின் துணுக்கையும் விடாது நீக்குவது அவர்கள் மரபு. யூதராய்ப் பிறந்த பவுலடியார், கொரிந்து நகரத்தார்க்கு எழுதிய முதல் திருமுகத்தில் இவ்வழக்கத்தையே உவமையாக்கி, உள்ளத்தின் பழைய புளிப்பை நீக்குமாறு பணித்தார். கிரேக்கக் கிறிஸ்தவர் தங்கள் பெருநோன்பின் முதல் நாளைத் தூய திங்கள் என்றே அழைக்கின்றனர். இங்கிலாந்து மக்கள் சாம்பற் புதனுக்கு முந்திய நாளில், வீட்டிலுள்ள முட்டை, வெண்ணெய், பால் ஆகியவற்றைத் தீர்த்துவிடத் தோசை போன்ற பணியாரம் சுட்டு உண்பர். வீட்டைத் துலக்காமல் நோன்பிற்குள் நுழைவதில்லை என்னும் உணர்வு பல நாட்டார்க்கும் பொதுவாக இருந்திருக்கின்றது.

"இதில் என்ன சிறப்பு? போகிப் பண்டிகைக்கு நாங்களும் வீட்டை ஒட்டடை அடித்து, வெள்ளையடித்து, பழம்பாயை எரிக்கிறோமே" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல வழக்கம் அது. ஆயினும் துப்புரவிற்கும் நோன்பிற்கும் வேறுபாடு உண்டு. துப்புரவு, தூசி எங்கே படிந்திருக்கிறது என்று பார்க்கும். நோன்பு, இப்பொருள் யாருக்கு உரியது என்று கேட்கும். இக்காலத்தில் ஜப்பான் நாட்டு மாரி கோண்டோ என்னும் பெண்மணி எழுதிய வீடு ஒழுங்குசெய்யும் நூல் ஒன்று, 2014-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்து உலகெங்கும் பரவியது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது எனக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று வினவச் சொல்கின்றார் அவர். பயனுள்ள கேள்விதான். பொருளை எண்ணிப் பாராமல் குவிக்கும் நமக்கு அக்கேள்வி கூட எழுவதில்லை. ஆயினும் அதில் கேட்பவரும் நான். விடை பெறுபவரும் நான். தவக்காலம் அங்கே மூன்றாம் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துகின்றது. வாயிலில் நிற்கும் அவருக்கு இப்பொருள் தேவையா என்பதே அதன் கேள்வி.

லூக்கா எழுதிய நற்செய்தியில் நான்கு வீடுகள் வருகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தால் இந்நோன்பின் இயல்பு நன்கு விளங்கும்.

முதலாவது, களஞ்சியம் போதாத செல்வனின் வீடு. நிலம் நன்றாக விளைந்தது. வைக்க இடமில்லை. இருப்பதை இடித்துப் பெரிதாகக் கட்டுவேன் என்று அவன் திட்டமிட்டான். அன்றிரவே அவன் உயிர் பிரிந்தது. இக்கதையில் அவன் களவு செய்ததாக எங்கும் இல்லை; யாரையும் அடித்ததாகவும் இல்லை. இடம் போதவில்லை என்றவுடன் இன்னும் பெரிய இடம் வேண்டும் என்று எண்ணினானே ஒழிய, பொருள் மிகுந்துவிட்டது என்று எண்ணவில்லை. அதுவே அவன் அறியாமை. நம் வீட்டிலும் இதே நிகழ்கின்றது. அலமாரி நிறைந்தால் இன்னோர் அலமாரி வாங்குகிறோம்; பரண் நிறைந்தால் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறோம்.

நான்காம் நூற்றாண்டில் கப்பதோக்கியா நாட்டில், இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில், கொடிய பஞ்சம் ஒன்று வந்தது. செசாரியா நகரத்துச் செல்வர் தானியத்தைப் பூட்டி வைத்து விலை ஏறுமென்று காத்திருந்தனர். அந்நாளில் பசிலியார் என்னும் அருட்பெரியார், இந்தக் களஞ்சியக் கதையை எடுத்துக்கொண்டு அவர்கள் முன்னிலையில் பேசினார். உன் வீட்டில் மிகுந்திருக்கும் உணவு பசித்தவனுடையது, பெட்டியில் மடித்து வைத்திருக்கும் ஆடை ஆடையில்லாதவனுடையது, மூலையில் கிடந்து கெடும் காலணி வெறுங்காலுடன் நடப்பவனுடையது என்பது அவ்வுரையின் கருத்து. கொடுத்தல் என்பது நம் பொருளைப் பிறர்க்கு அளிப்பதன்று. பிறர் பொருளை அவர்க்கே சேர்ப்பது என்று அவர் கருதினார். 370-ஆம் ஆண்டில் பேராயரான பின், ஏழைகளும் நோயாளிகளும் தங்குதற்கு நகர்ப்புறத்தே பெரிய இல்லம் ஒன்றை நிறுவினார். சொல்லோடு நில்லாதவர் அவர்.

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பெனடிக்ட் முனிவரைத் தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று போற்றுவர். அவர் துறவியர்க்கு எழுதிய ஒழுங்கின் 55-ஆம் இயல் உடையைப் பற்றியது. ஒரு துறவிக்கு அங்கி இரண்டும் மேலாடை இரண்டும் போதும். ஒன்று துவைக்க, ஒன்று உடுக்க. அதற்கு மேற்பட்டது மிகை; அதனை எடுத்துவிட வேண்டும். புதிய உடை பெறும்போது பழையதை உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அது ஏழைகளுக்காக வைக்கப்படும். பாருங்கள், 1400 ஆண்டுகளுக்கு மேலாக மடங்களில் நின்று நிலவும் விதி எவ்வளவு எளியது! ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். இந்த ஒரு விதியை ஒரு குடும்பம் மேற்கொண்டாலே பரண் ஒருநாளும் நிரம்பாது.

என் பெரியம்மா ஒருவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். லெந்து தொடங்கிய முதற் சனிக்கிழமையில் தம் துணிப்பெட்டியைத் திறந்து, சேலைகளை எல்லாம் பாயில் பரப்புவார். பிறகு கொடுப்பதற்கென்று ஒன்றை எடுப்பார். அது பழையதாய் இராது. அந்த ஆண்டில் அவர் விரும்பி உடுத்தியதாகவே இருக்கும். "கிழிந்ததைக் கொடுத்தால் அது துணியைக் கழிப்பது, உடுக்கிறதைக் கொடுத்தால்தான் அது காணிக்கை" என்பார். பசிலியார் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. ஆயினும் பசிலியார் சொன்னதையே அவர் செய்தார்.

அவர் வாக்கின் உண்மையை நாடு முழுவதும் ஒருமுறை கண்டது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியது. இரக்கம் மிகுந்த மக்கள் எங்கெங்கிருந்தோ உதவிப் பொருள்களை அனுப்பினர். அவற்றுள் உணவும் மருந்தும் பெரும்பயன் அளித்தன. ஆனால் நாகப்பட்டினம் பகுதியில் சாலையோரங்களில் பழந்துணிகள் குவியல் குவியலாகக் கிடந்தன, எடுப்பாரில்லை. கடலோடு போராடி உழைத்து உண்ட மீனவப் பெருமக்கள், யாரோ கழித்த உடையை உடுக்க உடன்படவில்லை. அவர்கள் இழந்தது வீட்டையும் படகையும், மானத்தை அன்று. நம் வீட்டுக் குப்பையை ஏழையின் வாயிலுக்கு மாற்றுவதை ஈகை என்று அழைக்கும் உரிமை நமக்கு இல்லை. கொடுக்கும் துணியைத் துவைத்து, பொத்தான் தைத்து, மடித்து, நம் உடன்பிறந்தார்க்குக் கொடுப்பது போலக் கொடுக்க வேண்டும். அவ்வாறு கொடுக்கத் தகாதது என்றால் அதனைக் கிழித்துக் கரித்துணியாக்கிக் கொள்வதே நேர்மை.

இரண்டாவது வீடு சகேயுவின் வீடு. எரிகோ நகரத்தில் வரி தண்டுவோர்க்குத் தலைவன் அவன், செல்வன். இயேசு பெருமான் அவன் வீட்டிற்கு விருந்தினராக வந்தார். அவர் கேளாமலே சகேயு எழுந்து நின்று, தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்கு அளிப்பதாகவும், யாரையேனும் வஞ்சித்துப் பெற்றிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் கூறினான். இங்கே இரண்டு வகைப் பொருள்கள் உள்ளமையைக் கவனியுங்கள். கொடுக்க வேண்டியவை சில. திருப்ப வேண்டியவை சில. இரண்டையும் ஒன்றாகக் கலத்தல் கூடாது. பிறருக்குத் திருப்ப வேண்டியதை ஏழைக்குக் கொடுத்துப் புண்ணியம் தேடுவது அறமாகாது.

மாணவ நண்பர்களே, உங்கள் மேசையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நூலகத்திலிருந்து எடுத்துத் தவணை கடந்த நூல் ஒன்று அதில் இருக்கலாம். நண்பனிடம் ஒரே ஒரு நாளைக்கென்று வாங்கிய குறிப்பேடு அடியில் கிடக்கலாம். விடுதித் தோழனின் போர்வை, அடுத்த வீட்டாரின் குடை, அத்தையின் தூக்குச்சட்டி என்று எத்தனையோ பொருள்கள் இரவலாக நம் வீட்டிற்குள் வந்து, நாளடைவில் நம்முடையனவாகத் தோன்றத் தொடங்கிவிடும். இரவல் நூலொன்று உங்கள் அலமாரியில் ஓராண்டு உறங்கினால், அவ்வோராண்டும் அதைத் தேடி வந்து வெறுங்கையோடு திரும்பிய மாணவன் ஒருவன் இருக்கக் கூடும். ஆதலின் இந்நோன்பின் முதற்பணி, வீட்டிலுள்ள பிறர் பொருள்களைத் தேடித் திருப்புதல். இதற்குப் பணச்செலவில்லை, சிறிது நாணம் வேண்டும், அவ்வளவே.

மூன்றாவது வீடு ஓர் ஏழைப் பெண்ணினுடையது. பத்து வெள்ளிக்காசு வைத்திருந்தவள் ஒன்றைத் தொலைத்துவிட்டாள். விளக்கேற்றினாள், வீடு முழுவதையும் பெருக்கினாள், கண்டுபிடிக்கும் வரையில் ஓயாமல் தேடினாள். காசு கிடைத்தவுடன் அண்டை வீட்டுப் பெண்களை எல்லாம் அழைத்து மகிழ்ந்தாள். பெருக்குதல் என்றால் தள்ளுதல் என்றே நாம் எண்ணுகிறோம். இப்பெண்ணோ கண்டெடுப்பதற்காகப் பெருக்கினாள். குப்பை மிகுந்த வீட்டில் முதலில் மறைவது விலையுயர்ந்த பொருளே.

இதனை நான் எங்கள் வீட்டிலேயே கண்டேன். தொடக்கப் பள்ளி ஆசிரியராய் இருந்த என் தந்தையார் காலமான மறு ஆண்டு, லெந்து நாளொன்றில் என் தாயார் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தார். பழைய ரசீதுகள், உடைந்த மூக்குக்கண்ணாடிகள், மை உறைந்த பேனாக்கள் இவையே மேலே கிடந்தன. எல்லாவற்றையும் அப்படியே எரித்துவிடலாம் என்றார் வந்திருந்த உறவினர் ஒருவர். தாயார் இசையவில்லை, ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்த்தார். அடியில் நான்காக மடித்த தாளொன்று இருந்தது. ஆசிரியப் பயிற்சிக்குச் சென்ற காலத்தில் தந்தையார் வாங்கிய கடன்களின் பட்டியல் அது. ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் 'தீர்ந்தது' என்று எழுதியிருந்தார். கடைசிப் பெயருக்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதவில்லை. தொகை 35 ரூபாய். கடன் கொடுத்தவர் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். ஒரு மாதம் விசாரித்தும் அவர்கள் சென்ற இடம் தெரியவில்லை. அத்தொகையைப் போலப் பன்மடங்கு எடுத்து, ஏழைச் சிறுவன் ஒருவனுக்குப் பள்ளிக் கட்டணமாக அப்பெரியவர் பெயரால் தாயார் கட்டினார். பிறகு அந்தத் தாளில் அவரே தம் கையால் 'தீர்ந்தது' என்று எழுதினார். பெட்டியை அப்படியே எரித்திருந்தால் எங்கள் வீடு தூய்மையாய் இருந்திருக்கும். தந்தையாரின் கடன் தீர்ந்திராது.

ஆகவே துலக்குதல் விரைந்து செய்யும் வேலையன்று. மற்றவர் பொருளை அவர் அறியாமல் தூக்கி எறிதலும் தகாது. பாட்டியின் பெட்டியில் இருக்கும் நைந்த சேலை நமக்குக் கந்தல். அவருக்கு அது தம் தாயின் வாசனை. அவரவர் பொருளை அவரவரே கையில் எடுக்க வேண்டும். பிறர் பெட்டியைத் துலக்கும் ஆர்வம் நம்மிடம் மிகுமானால், நாம் நம் பெட்டியை இன்னும் திறக்கவில்லை என்பதே அதற்குப் பொருள்.

நான்காவது வீட்டைப் பற்றிய கதை சற்று அச்சமூட்டுவது. ஒரு மனிதனை விட்டு அகன்ற தீய ஆவி எங்கெங்கோ அலைந்தது; இளைப்பாற இடம் கிட்டாமல் பழைய வீட்டிற்கே திரும்பியது. வந்து பார்த்தால் வீடு கூட்டிப் பெருக்கி அழகாக இருந்தது. உடனே அது தன்னைவிடக் கொடிய வேறு ஏழு ஆவிகளை அழைத்து வந்து குடியேறியது. அம்மனிதனின் பின்னிலை முன்னிலையைவிடக் கேடாயிற்று. பெருக்கியது குற்றமா? அன்று. பெருக்கிய வீட்டில் நல்லவர் ஒருவரைக் குடியமர்த்தாததே குற்றம். காலியான அலமாரி மறு வாரமே கடைக்கு அழைக்கும். விட்ட நேரம் வேறு வீண்பொழுதைத் தேடிச் செல்லும். வெற்றிடம் எதுவும் நெடுநாள் வெற்றிடமாய் இராது.

பெனடிக்ட் முனிவர் இதனை நன்கறிந்தவர். தவக்காலத்தில் உணவும் உறக்கமும் வீண்பேச்சும் குறைய வேண்டும் என்றவர், அத்தோடு நில்லாமல், அக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொரு துறவிக்கும் நூலகத்திலிருந்து ஒரு நூல் கொடுக்கப்பட வேண்டும் என்றும் விதித்தார். முதலிலிருந்து இறுதிவரை முறையாக அதனைப் படித்து முடிக்க வேண்டும். எடுத்த இடத்தில் எதை வைப்பது என்பதற்கு அவர் கண்ட விடை அது. இன்று நம் நேரத்தை அடைத்துக் கிடப்பது கைப்பேசி. அதில் நாம் மீண்டும் பாராத படங்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன; பேசாத குழுக்களின் செய்திகள் மணிதோறும் வந்து விழுகின்றன. நாள்தோறும் அரைமணி நேரம் அதனை அணைத்து வைத்து, அந்த அரைமணியில் ஒரு நல்ல நூலைப் படியுங்கள். நாற்பது நாட்களில் அது இருபது மணி நேரம். பெருநூல் ஒன்றை முடிப்பதற்கு அது போதும்.

வீட்டைவிட மனத்திலேதான் பொருள்கள் மிகுதியாகச் சேர்கின்றன. பத்தாண்டுகளுக்கு முன் ஒருவர் சொன்ன சுடுசொல்லைச் சுருக்கம் விழாமல் மடித்து வைத்திருக்கிறோம். ஜான் பன்யன் 1678-இல் வெளியிட்ட ஆங்கிலக் கதையில், பயணி ஒருவன் முதுகில் பெருஞ்சுமையோடு புறப்படுகின்றான். சிலுவையடியில் அச்சுமை கழன்று விழுகின்றது. பாளையங்கோட்டையில் வாழ்ந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை அக்கதையைத் தழுவியே இரட்சணிய யாத்திரிகம் என்னும் காவியத்தை 1894-இல் தமிழுக்குத் தந்தார். வழிப்பயணம் செய்பவனுக்குச் சுமை பகை என்பதை ஏழையும் அறிவான், செல்வனும் அறிவான். இச்சுமையை இறக்குதற்குக் கிழக்கத்தியச் சபைகள் ஒரு வழி வைத்துள்ளன. கேரளத்தில் உள்ள சிரியன் ஆர்த்தடாக்ஸ் மரபினர் பெருநோன்பின் முதல் திங்களன்று சுப்கோனோ என்னும் வழிபாடு நடத்துகின்றனர். அதில் குருவும் மக்களும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டு மன்னிப்பு அளிக்கின்றனர். கிரேக்க, இரஷ்யச் சபைகளில் நோன்பிற்கு முந்திய நாளே மன்னிப்பு ஞாயிறு என்று பெயர் பெற்றுள்ளது. பகையை வீட்டில் வைத்துக்கொண்டு பண்டத்தை மட்டும் வெளியேற்றுவதில் பொருளில்லை என்பது அவர்கள் துணிபு.

இத்தனையும் கேட்ட ஒரு மாணவன், "ஐயா, எங்கள் குடிசையில் கழிப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று வினவலாம். அவனுக்கு நான் சொல்வது இது. எளிமை வேறு, வறுமை வேறு. தானே விரும்பி மேற்கொள்வது எளிமை. பிறர் செயலால் தன்மேல் விழுவது வறுமை. இல்லாதவனை நோக்கி இன்னும் குறைத்துக்கொள் என்று கூறும் நோன்பு கிறிஸ்தவ நோன்பு அன்று. எசாயா இறைவாக்கினர் உரைத்த நோன்பு, நுகத்தடியை உடைப்பதும், பசித்தவனோடு உணவைப் பகிர்வதும், ஆடையற்றவனைக் கண்டால் உடுத்துவதுமே ஆகும். ஆகவே தம்பி, நீ பெற வேண்டிய இடத்தில் நிமிர்ந்து நின்று பெறு. உன்னிடம் மிகுந்திருப்பது அறிவோ நேரமோ ஆயின் அதைக் கொடு. உனக்குக் கீழ் வகுப்பில் பயிலும் சிறுவனுக்கு மாலையில் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுப்பதும் களஞ்சியத்தைத் திறப்பதே.

இனி, செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்வேன். திருக்குறளில் துறவு என்பது 35-ஆம் அதிகாரம். மனிதன் எந்தெந்தப் பொருளின்மேல் வைத்த பற்றை விடுகின்றானோ, அந்தந்தப் பொருளால் வரும் துன்பம் அவனுக்கு இல்லை என்பது அதன் முதற் குறளின் கருத்து. எல்லாவற்றையும் ஒரே நாளில் விட இயலாதார்க்கு இது பெரிய ஆறுதல். ஒவ்வொன்றாக விடலாம். விட்ட அளவிற்கு விடுதலை. தவக்காலத்தின் நாற்பது நாட்களும் இதற்கு ஏற்றவை. முதல் வாரம் இரவல் பொருள்களைத் திருப்புங்கள். இரண்டாம் வாரம் துணிப்பெட்டி. மூன்றாம் வாரம் நூல்களும் தாள்களும். நான்காம் வாரம் சமையலறை. மறந்து கிடக்கும் பண்டங்களைச் சமைத்து அண்டை வீட்டாரோடு உண்ணுங்கள். ஐந்தாம் வாரம் கைப்பேசியும் வீண்பொழுதும். இறுதியாகப் புனித வாரத்தில், பேசாதிருக்கும் உறவினர் ஒருவர் வீட்டு வாயிலை மிதியுங்கள். அதுவே எல்லாவற்றிலும் கடினம். அதனாலேயே இறுதியில் வைத்தேன்.

இவற்றை விளம்பரமின்றிச் செய்தல் வேண்டும். சாம்பற் புதனன்று கோவில்களில் வாசிக்கப்படும் நற்செய்திப் பகுதி, ஈகையையும் வேண்டலையும் நோன்பையும் மறைவில் செய்யுமாறு பணிக்கின்றது. கொடுத்த பொருளையும் பெற்ற முகத்தையும் படம் பிடித்து ஊருக்குக் காட்டினால், துணி வெளியேறிய பெட்டியில் பெருமை வந்து குடியேறும். ஏழு ஆவிகளுள் அதுவும் ஒன்று.

நண்பர்களே, தவக்காலம் சாம்பலில் தொடங்குகின்றது, முடிவதோ உயிர்ப்பில். உயிர்ப்பு நாளின் வைகறையில் சீடர் இருவர் கல்லறைக்கு ஓடிச் சென்று கண்டதை யோவான் எழுதியிருக்கின்றார். கல்லறை காலியாய் இருந்தது. சுற்றியிருந்த துணிகள் கிடந்தன. தலையைச் சுற்றியிருந்த துண்டு மட்டும் தனியே ஓரிடத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அந்த இடம் காலியாய் இருந்ததனாலேதான் உலகிற்கு நம்பிக்கை பிறந்தது என்பது கிறிஸ்தவர் கொள்கை. காலியிடம் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இன்று மாலை வீட்டிற்குச் சென்றதும், உங்கள் பெட்டியைத் திறந்து ஒரே ஒரு பொருளைக் கையில் எடுங்கள். இது யாருடையது என்று கேளுங்கள். விடை கிடைத்தவுடன் அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். மற்றவற்றை நாளை பார்த்துக்கொள்ளலாம்.